நெஞ்சளவுத் தண்ணீர்

அத்தியாயம் 9

போன வாரம் உறவுக்காரர்கள் நடுவே எழுந்து நின்று, "என் பொண்டாட்டிக்கு வீட்டுக்குப் பின்னாலயே நீச்சல் குளம் கட்டித் தரப் போறேன்" என்று பெயிண்ட் கடைக்காரர் அறிவித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். ஒன்றிரண்டு பேர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. கை தட்ட வருகிறவர்கள் கணக்குப் பார்க்க வருவதில்லை, அது உலக வழக்கம்.

கணக்குப் பார்க்க வேண்டியவள் சக்கர நாற்காலியைச் சாப்பாட்டு மேஜையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு காலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாயிற்று. பென்சிலைச் சீவியாயிற்று. தலையைக்கூட அன்று கொஞ்சம் கவனமாகவே வாரியிருந்தாள்.

பெயிண்ட் கடைக்காரரின் மனைவியைத் தராசு என்றே சொல்லி வருகிறோம். அவள் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருந்த காலத்தில், விற்க வந்தவர்கள் வைத்த பெயர் அது. துடைப்பத்திலிருந்து துளை போடும் இயந்திரம் வரை எதை வாங்கினாலும் கொட்டேஷன்கள் அவள் மேஜைக்குத்தான் வரும். "தராசு இன்னிக்கு எந்தப் பக்கம் சாயுது?" என்று வாசல் காவலாளியிடம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். போன வருடம் கிடங்கில் சரக்கைச் சரிபார்க்கப் போனபோது, அடுக்கி வைத்திருந்த மரப்பெட்டிகள் அவள் மேல் சரிந்தன. இடுப்பும் வலது முழங்காலும் நொறுங்கின. கம்பெனி நஷ்டஈடு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அந்தப் பணம் அவள் பெயரில் வங்கியில் இருக்கிறது, அவள் கையெழுத்து இல்லாமல் அசையாது.

கணவர் இரண்டு கொட்டேஷன்களைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தார். மேலே இருந்தது நீலக் கார்க்காரருடையது. அவர் கணவருக்குப் பழக்கமான கான்ட்ராக்டர், கடையில் வாடிக்கையாகப் பெயிண்ட் எடுப்பவர். காரிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டுதான் இறங்குவார். கீழே இருந்தது இருமல்காரருடையது. அவரை நாலு இடத்தில் விசாரித்து வரவழைத்தவள் தராசு. வயதான மனிதர். ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமுவார்.

"மேல இருக்கறதுதான் கம்மி. கடைசிப் பக்கத்தைப் பார்த்தா போதும்" என்றார் கணவர். "பார்த்துட்டு பேங்க் பேப்பர்ல ஒரு கையெழுத்துப் போட்டுடு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அவள் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவில்லை. இரண்டிலும் மொத்தத் தொகை எழுதியிருந்த இடத்தின் மேல் தாளுக்கொரு கோப்பைத் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். இது அவளுடைய பழைய பழக்கம். மொத்தத்தை முதலில் பார்த்தவன் மீதியை ஒழுங்காகப் படிக்க மாட்டான் என்று தனக்குக் கீழே வேலை பார்த்தவர்களிடம் ஓயாமல் சொல்லுவாள். அங்கே அவர்கள் உள்ளங்கையால் மறைப்பார்கள். இங்கே கோப்பைத் தட்டு.

கணவர் சலித்துக்கொண்டு செய்தித்தாளை எடுத்துப் பிரித்தார். ஆனால் பக்கத்தைப் புரட்டவில்லை.

அவள் பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். இடது பக்கம் வேலை, நடுவில் ஒருவர், வலது பக்கம் மற்றவர். பள்ளம் தோண்டுவது, கம்பி கட்டுவது, கான்கிரீட், தண்ணீர் கசியாமல் பூசுவது, டைல்ஸ், பம்ப், ஃபில்டர் என்று ஒவ்வொன்றாக இறங்கி வந்தாள். விபத்துக்குப் பிறகு இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் செய்ததில்லை. கால் போனாலும் கை இருக்கிறது, கண் இருக்கிறது என்று அவளுக்கே அன்று ஞாபகம் வந்த மாதிரி இருந்தது.

பாதித் தாள் வந்தபோது பென்சில் நின்றது.

இது ஒரு குளத்துக்கு இரண்டு விலை இல்லை. இரண்டு குளம். இருமல்காரர் எழுதியிருந்தது அவளுடைய குளம். உள்ளே இறங்க நீளமான சரிவுப் பாதை, இரண்டு பக்கமும் கைப்பிடி, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே மட்டமாக நெஞ்சளவு ஆழம், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க ஹீட்டர். அவர் வந்த அன்று சக்கர நாற்காலியின் அகலத்தை அளந்து, அவள் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போயிருந்தார். எல்லாம் எழுத்தில் இருந்தது.

நீலக் கார்க்காரரின் குளத்தில் சரிவு இல்லை, கைப்பிடி இல்லை. சுவரில் ஓர் எஃகு ஏணி. கொஞ்ச தூரம் இடுப்பளவு, அப்புறம் ஆளை முழுக்குகிற ஆழம். ஹீட்டர் இல்லை. ஆனால் தண்ணீருக்குள்ளே வண்ண விளக்கு உண்டு. சுவரிலிருந்து தண்ணீர் கொட்டுகிற மாதிரி ஒரு சின்ன அருவி உண்டு. கரையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருகிற மாதிரி கல் பெஞ்சுகள் உண்டு. அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தால் மூன்று.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் வேடிக்கை. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. விற்பவன் தனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுவான், கேட்டதை எழுத மாட்டான், காலம் முழுக்க அவள் பார்த்தது இதைத்தானே. "உங்க ஆளு தேவையைப் படிக்கவே இல்லைங்க" என்று கணவரிடம் சொன்னாள். "வேற யாரோ பணக்காரனுக்குப் போட்ட கொட்டேஷனைப் பேரை மாத்திக் குடுத்திருக்கார். யானையை வாங்கிட்டு அங்குசத்தை விட்டுட்டாரு. சாயங்காலம் வர்றாருல்ல, திருத்தி எழுதித் தரச் சொல்லலாம்."

கணவர் செய்தித்தாளை மடித்தார். "இப்ப எதுக்கு அதையெல்லாம்? முதல்ல குளத்தைக் கட்டுவோம். மத்ததை அப்புறம் சேர்த்துக்கலாம்" என்றார்.

"சரிவை எப்படிங்க அப்புறம் சேர்ப்பாங்க? கட்டின சுவரை இடிச்சா?"

அவர் எழுந்து போய் மோட்டாரைப் போட்டார். தண்ணீர்த் தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

சரிவுப் பாதை அவளுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பிசியோதெரபி மையம் ஒன்றில் இப்படி ஒரு குளம் இருந்தது. ஊரின் மறு கோடியில் இருந்ததால் ஒரே ஒரு தடவைதான் போக முடிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி, தண்ணீர் நெஞ்சுக்கு வந்ததும் பயிற்சியாளர் கையை விடச் சொன்னார். விட்டாள். கால் தானாகத் தரையைத் தேடிப் போய் ஊன்றியது. அடுத்த காலும் போனது. யாரும் பிடிக்காமல் அந்தப் பக்கச் சுவர் வரைக்கும் நடந்தாள். நடந்து முடித்ததும் சுவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்று கணவர் வெளியே காரில் உட்கார்ந்து கடை வாடிக்கையாளர் ஒருவரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவள் நடந்ததை அவர் பார்க்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், அவரும் "நல்லது, நல்லது" என்று சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினார். மறு மாதமே அந்த மையத்தை மூடிவிட்டார்கள்.

மதியம் மகள் வந்தாள். பல் டாக்டர். வாயைத் திறக்காமலே அடுத்தவர் வாயைத் திறக்க வைக்கிற தொழில், அந்தப் பழக்கம் வீட்டிலும் உண்டு. அம்மா போட்ட கட்டங்களை நின்றபடியே படித்தாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அம்மாவின் தோளில் கை வைத்து, அப்பாவுக்கு இந்தக் கட்டட வேலையெல்லாம் பழக்கம், அவரிடம் விட்டுவிடு, நீ உடம்பை மட்டும் பார் என்றாள். வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதைதான் அது. தராசுக்கு அப்போது தெரியவில்லை. அக்கறை என்றே எடுத்துக்கொண்டாள்.

இதில் அவள் தவறும் ஒன்று உண்டு, அதையும் மறைப்பானேன். தொழிற்சாலையில் அவள் வைத்ததே சட்டம்: ஒரு பொருளை யார் பயன்படுத்தப் போகிறாரோ அவர்தான் தேவையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேலாளர் சொன்னார், முதலாளி சொன்னார் என்று யார் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டில், நீலக் கார்க்காரரிடம் தன் தேவையை எழுதிக் கொடுத்துவிட்டு வரும்படி கணவரை அனுப்பினாள். கட்டின புருஷன்தானே, அவரைவிட நம் கஷ்டம் யாருக்குத் தெரியும் என்று நினைத்தாள். ஊருக்கெல்லாம் கண்டிப்பாக இருக்கிற பெண்கள் இந்த ஓர் இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

நாலு மணி வாக்கில் நீலக் கார் வந்து நின்றது. கான்ட்ராக்டர் கையில் ஒரு பை, பை நிறைய முளைக்குச்சிகளும் நூல்கண்டும், கூடவே டைல்ஸ் மாதிரிகள். முடிவு ஆகிவிட்டது என்ற நம்பிக்கையோடுதான் வந்திருந்தார். எல்லோரும் பின்பக்கம் போனார்கள். துணி காயப் போடுகிற கம்பிகளைக் கணவர் காலையிலேயே அவிழ்த்து வைத்திருந்தார். கான்ட்ராக்டர் குனிந்து முளைகளை அடித்து நூலைக் கட்ட, வெறும் மண் தரையில் ஒரு குளத்தின் உருவம் வந்தது. பெரிய குளம்தான். தராசு நாற்காலியை உருட்டிக்கொண்டு நூல் ஓரம் வரைக்கும் வந்தாள். மடியில் காலண்டர் தாள்.

"ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தாள். குரலில் பழைய கொள்முதல் அதிகாரி வந்துவிட்டாள். "சரிவுப் பாதை, கைப்பிடி, ஹீட்டர், ஒரே மட்ட ஆழம். நாங்க கேட்டதுல முக்கியமானது இந்த நாலும்தான். நாலுமே உங்க கொட்டேஷன்ல இல்ல. தேவையைப் படிக்காம எப்படி விலை போட்டீங்க?"

நீலக் கார்க்காரரின் சிரிப்பு கொஞ்சம் மங்கியது. தொழிலில் அவர் யோக்கியர். படிக்காமல் விலை போட்டார் என்ற பேச்சு அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"மேடம், நான் முதல்ல போட்டதுல எல்லாம் இருந்துச்சு. சார்தான் எடுக்கச் சொன்னாரு. அம்மா தண்ணில இறங்க மாட்டாங்க, அதெல்லாம் தண்டம்னு சொன்னாரு. வார வாரம் வீட்டை வாடகைக்கு எடுக்கறவங்க ஆழமும் லைட்டும்தான் கேப்பாங்கன்னு அவர்தான் புதுசா எழுதிக் குடுத்தாரு." கணவர் பக்கம் திரும்பினார். "ஏன் சார், மேடம்கிட்ட சொல்லலையா?"

கணவர் நூல் கட்டிய ஒரு முளையைக் காலால் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தார்.

நிலைமை புரிந்ததும் கான்ட்ராக்டருக்கு உடனே ஒரு போன் செய்ய வேண்டியிருந்தது. மனிதர் காதில் போனை வைத்துக்கொண்டு காம்பவுண்டுச் சுவர் ஓரத்துக்குப் போய்விட்டார். எதிர்முனையில் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

தராசு கணவரைத் திட்டவில்லை, அழவுமில்லை. அவமானத்தில் அவள் முகம் சிவந்துவிட்டது. போன வாரம் எல்லோரும் கை தட்டியதும், அவள் இவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் மனதில் ஓடின. அத்தனை பேர் முன்னால் தான் ஒரு முட்டாளாக உட்கார்ந்திருந்தோம் என்பதுதான் முதலில் வலித்தது. பணம் அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"வாடகைக்கு விடறதுன்னா சொல்லியிருக்கலாமே" என்றாள் மெதுவாக. "கடை சரியா ஓடலைன்னு எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? என் கால் பேரைச் சொல்லி எதுக்குங்க கேட்டீங்க?"

அவருக்கும் பேச வேண்டியது நிறைய இருந்தது. மாதக் கணக்காக வாய்க்குள்ளேயே வைத்திருந்தது ஒரேயடியாக வெளியே வந்தது. கடைக்கு எதிரே பெரிய கடை வந்துவிட்டதையும், இரண்டு ஆட்களை நிறுத்தியதையும் சொன்னார். அவளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய், சட்டைக்குள்ளே பெல்ட் கட்டிக்கொண்டு அலைவதை, சட்டையைத் தூக்கியே காட்டினார். குளிக்க வைப்பது யார், ராத்திரி எழுந்து புரட்டிப் படுக்க வைப்பது யார் என்று கேட்டார். அதில் பொய் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் அவர்தான் செய்தார், முகம் சுளிக்காமலும் செய்தார். சில சமயம் அந்தச் சுளிக்காத முகம்தான் அவளைப் பயமுறுத்தும்.

"வீட்டுக்கு வந்துட்டிருந்த பிசியோவை வர வேண்டாம்னு அனுப்பினது யாரு? நானா?" என்று முடித்தார். "வலிக்குதுன்னு நீதானே கதவைச் சாத்திக்கிட்ட. மூணு தடவை நம்பினேன். மூணு தடவையும் திரும்ப நாற்காலிக்கே வந்துட்ட. எனக்கு இனிமே நம்பறதுக்குத் தெம்பு இல்ல."

மகளும் அப்போது வாயைத் திறந்தாள். "அப்பா சொல்றதுல தப்பு இல்லம்மா. நீயே முயற்சி பண்ணலைன்னா குளம் மட்டும் என்ன பண்ணும்?"

பிசியோவை அனுப்பியது உண்மை. அதை நினைத்தால் தராசுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. தரையில் ஒவ்வோர் அடிக்கும் எலும்புக்குள் ஊசி இறங்குகிற வலி, அதை இவர்களிடம் எத்தனை தடவை சொல்வது. ஆனால் தண்ணீரில் வலிக்கவில்லையே. தண்ணீரில் நடந்தாளே. அதைப் பார்த்த சாட்சி ஒருவரும் இந்த வீட்டில் இல்லை என்பதுதான் அவள் விதி.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "சுத்தி வளைக்காம சொல்லுங்க. நான் நடப்பேன்னு நீங்க நம்பறீங்களா, இல்லையா?"

கணவர் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரிதான் இருந்தது. பிறகு சுவர் ஓரம் நின்றவரைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"அந்த டைல்ஸ்ல வெளிர் நீலம் இருக்கா, இல்ல கரு நீலம் மட்டும்தானா?"

இல்லை என்று சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். எத்தனை வருடக் குடித்தனம், எத்தனை சண்டை, இவர் மேல் அவளுக்கு எப்போதாவது இப்படி ஒரு வெறுப்பு வந்திருக்கிறதா என்று யோசித்தாள். இல்லை. இதுதான் முதல் தடவை. அது எவ்வளவு சுலபமாக வந்து உட்கார்ந்துகொண்டது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். நீலக் கார்க்காரரிடம், அவர் மேல் தப்பு இல்லை, ஆனால் இன்றைக்குக் கையெழுத்து ஆகாது, வந்த அலைச்சலுக்கு மன்னிக்க வேண்டும் என்று முறையாகச் சொன்னாள். முளைகளைப் பிடுங்கிக்கொண்டு போகட்டுமா என்று அவர் கேட்டார். கணவர் இருக்கட்டும் என்றார். அவள் பிடுங்குங்கள் என்றாள். பாவம், அந்த மனிதர் இரண்டைப் பிடுங்கி இரண்டை விட்டுவிட்டுக் காருக்குப் போய்ச் சேர்ந்தார்.

வீட்டுக்குள்ளே வந்ததும் கணவர் அடுக்களைக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். அந்த வீட்டில் சண்டை முடிந்ததற்கு அதுதான் அடையாளம், இத்தனை வருடமும் அது செல்லுபடியாகியும் வந்தது. கோப்பைகள் இடிபடுகிற சத்தம் கேட்டது. மகள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, அப்பாவின் மனநிலையையும் நினைத்துப் பார், இருவருமே களைத்துப் போயிருக்கிறீர்கள், இப்போது எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்று பக்குவமாகப் பேசிக்கொண்டே போனாள். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் நோயாளியிடம் பேசுகிற குரல் அது.

தராசு கவிழ்த்து வைத்திருந்த கோப்பைத் தட்டுகளை எடுத்தாள். இரண்டு மொத்தத் தொகைகளையும் அப்போதுதான் பார்த்தாள். இருமல்காரர் கூடுதல்தான், ஆனால் அவள் பயந்த அளவுக்கு இல்லை. வண்ண விளக்குக்கும் அருவிக்கும் கல் பெஞ்சுக்கும் போகிற காசில் சரிவும் கைப்பிடியும் வந்துவிடும். ஆக, சிக்கனம் என்ற பேச்சும் சும்மாதான்.

இருமல்காரரின் தாளில் இருந்த எண்ணைத் தன் போனில் அழுத்தினாள்.

"யாருக்கும்மா இப்ப போன்?" என்றாள் மகள்.

"என் குளத்தைக் கட்டறவருக்கு."

"அம்மா, வேண்டாம். இன்னொரு நாள் பேசிக்கலாம். ஞாயித்துக்கிழமை, அவர் எடுக்க மாட்டார்."

அவர் எடுத்துவிட்டார். தராசு போனை மேஜை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். விற்பவர்களோடு அவள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். சொன்னதை நாளைக்கு இல்லை என்று சொல்ல முடியாமல் கூட நாலு காது கேட்டிருக்க வேண்டும். முதலில் இருமல் வந்தது, பின்னாலேயே குரல்.

அவள் தான் யாரென்று சொன்னாள். கொட்டேஷனை முழுக்கப் படித்துவிட்டதாகவும், விலையில் இரண்டு இடத்தில் பேச வேண்டியிருக்கிறது, மற்றபடி தனக்குச் சம்மதம் என்றும் சொன்னாள்.

"அம்மா, நீங்களா பேசறீங்க?" என்றார் இருமல்காரர். அவர் குரலில் ஆச்சரியத்தோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. "நல்லாயிட்டீங்களா அம்மா?"

"ஏன் அப்படிக் கேக்கறீங்க?"

"இல்ல, போன வாரம் சார் போன் பண்ணினாரு. அம்மாவை வர்ற மாசம் ஒரு ஹோம்ல சேர்க்கறோம், இனிமே அங்கதான் இருப்பாங்க, அதனால சரிவெல்லாம் எடுத்துட்டு விலை குடுங்கன்னாரு. எனக்கு மனசு கேக்கல. வேற ஆளைப் பார்த்துக்குங்க சார்னு சொல்லிட்டேன்."

மகளின் கை மேஜை மேல் பாய்ந்து போனை அணைக்க வந்தது. தராசு அதைவிட வேகமாகத் தன் உள்ளங்கையை போன் மேல் வைத்தாள். மகளின் விரல்கள் அம்மாவின் கை மேல் வந்து நின்றன. அந்த விரல்கள் சில்லென்று இருந்தன. அவள் மகளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதில் அதிர்ச்சி இல்லை, பயம்தான் இருந்தது. விஷயம் தெரியாதவர்கள் அதிர்ச்சி அடைவார்கள். தெரிந்தவர்கள்தான் பயப்படுவார்கள்.

"எந்த ஹோம்னு சொன்னாரா?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அப்படிக் கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

"பேர் சொல்லலைங்க." ஓர் இருமல். "பொண்ணே போய்ப் பார்த்துட்டு வந்துடுச்சு, நல்ல இடம்னு மட்டும் சொன்னாரு. ஏம்மா, நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

மகள் கையை எடுத்துக்கொண்டாள். வாயைத் திறக்க வைக்கத் தெரிந்தவளுக்குத் தன் வாயை எப்படித் திறப்பதென்று தெரியவில்லை. பெற்று வளர்த்து, படிக்க வைத்து, தொழிலுக்கு நாற்காலி வாங்கக்கூட மூன்று கொட்டேஷன் எடுத்து ஒப்பிட்டுக் கொடுத்த அம்மா அவள். அந்த அம்மாவுக்கு இடம் பார்க்க இவள் எத்தனை கொட்டேஷன் எடுத்தாளோ.

கணவர் நம்பவில்லை என்பது தராசுக்கு ஒரு மாதிரி வலி. தான் இல்லாத வீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்து விளக்குப் பொருத்திப் பார்த்தாயிற்று என்பது வேறு.

"நீங்க தப்பா ஒண்ணும் சொல்லல" என்றாள். "நாளைக்குக் காலையில டேப்பை எடுத்துக்கிட்டு வாங்க. திரும்ப ஒரு தடவை அளந்துடுவோம்."

"வர்றேன் அம்மா. நீங்க அங்க இருப்பீங்கல்ல?"

"நான் இருப்பேன். மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது."

அடுக்களை வாசலில் கணவர் மூன்று கோப்பைத் தேநீர் வைத்த தட்டோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. மேஜையில் தட்டை வைக்க இடம் நிறைய இருந்தும் அவர் அதை வைக்கவில்லை.